மோட்டார் நின்றால் தேர் நகரும்

மிட்டாதார் வீட்டு மோட்டார் மலைச்சரிவில் நிற்கும்போதெல்லாம் கீழே ஊரில் தேர் நகர்ந்த காலம் ஒன்று எங்கள் ஓலைக்கணவாயில் இருந்தது. கேட்கிறவர்கள் திகைத்தால் திகைக்கட்டும், நான் அதற்குத் திகைக்கவில்லை. மரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் என்ன பேச்சு இருக்கிறது என்பது அவற்றின் சமாச்சாரம். என்னை அடித்துப்போட்டது ஊர்தான். இத்தனை வயதாகியும், சோற்றைப் பிசையும்போது அந்த நாள் நினைவுக்கு வந்தால் கை அப்படியே தட்டில் நின்றுவிடுகிறது.

நாங்கள் கட்டைக்காரர்கள். பெருமாள் தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முன்னால் புளியங்கட்டையைக் கொடுத்து அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் எங்கள் வேலை. வடம் பிடித்து இழுக்க ஊரே வரும், நிறுத்துவதற்கு நாங்கள் மட்டும்தான் உண்டு. தேர் எந்த வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது எங்கள் கையில் இருந்தது, ஆனால் எங்கள் தெருவுக்குள் அது வந்ததே இல்லை. கிழக்கு வீதியில் தெற்குப் பார்த்து வரும் தேர் மூலையில் எங்கள் தெருவின் வாய்க்கு நேராக வந்து நிற்கும், நாங்களே எங்கள் கட்டையைக் கொடுத்து அதன் முகத்தை மேற்கே திருப்பி அனுப்பிவிடுவோம். யாரும் அதட்டிச் சொல்லித் திருப்பியதில்லை. கை தானாகச் செய்துவிடும்.

ஊர் நிலத்துக்கெல்லாம் எசமானான மிட்டாதார் நல்லசிவம், மலைமேல் இருந்த தன் பங்களாவுக்குப் போய்வர வாங்கிய மோட்டார்தான் அந்தக் கணவாயில் ஏறிய முதல் மோட்டார். ஏறியது பெரிய காரியமில்லை, இறங்குவதுதான் பாடாக இருந்தது. அதற்கு நிறுத்துகிற சாமான் பின் சக்கரத்தில் மட்டும்தான். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு இரும்புச் சட்டி, சட்டியைச் சுற்றி ஒரு இரும்புப் பட்டை, பட்டைக்குள்ளே தோல். காலால் மிதித்தால் பட்டை இறுகிச் சட்டியைப் பிடிக்கும். சமதரையில் பிடித்தது, சரிவில் தோல் கருகியது, கருகின தோலின் நாற்றம் மோட்டாருக்கு முன்னால் ஊருக்குள் வந்து சேர்ந்தது, அதை முகர்ந்துதான் மிட்டாதார் வருகிறார் என்று மிட்டாதார் வீட்டில் இலை போட்டார்கள். என் தம்பி சென்றாயனை அந்த மோட்டாரின் படியில் நின்று வர வேலைக்கு வைத்தார்கள். தோல் எரிந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும், அப்படியும் நிற்காவிட்டால் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பையனுக்கு அது பிறப்போடு வந்த வேலை. பட்டணத்திலிருந்து வந்த டிரைவர் ஒரு நாள் பாதி மலையில் இறங்கி, தலைப்பாகையை ஆசனத்தில் வைத்துவிட்டு, நடந்தே ரயிலடிக்குப் போய்விட்டான். அன்று முதல் சென்றாயன்தான் டிரைவர்.

அந்த நிறுத்துகிற சாமானைச் செப்பம் பண்ண பெங்களூரிலிருந்து தேவராஜுலு என்று ஒரு மேஸ்திரி வந்தான். எருமைத்தோலை வைத்துப் பார்த்தான், ஆலையில் ஓடும் பட்டையை வெட்டி வைத்தான், கம்பளியை மடித்துத் தைத்து வைத்தான், தேங்காய் நாரை விளக்கெண்ணெயில் ஊறப்போட்டு முறுக்கி வைத்தான். ஒன்று வழுக்கியது, ஒன்று எரிந்தது, ஒன்று பிடித்த பிடியை விடாமல் மிட்டாதாரை ராத்திரி முழுக்கக் காட்டில் உட்கார வைத்தது.

அந்த வருஷத் தேரோட்டத்தில் மிட்டாதார் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"இந்தக் கட்டைக்கு என்னடா வயசு?"

"எங்க பாட்டன் காலத்து மரமுங்க, எசமான்."

"இது என்னைக்காச்சும் எரிஞ்சிருக்கா?"

"தேர் என்ன மோட்டாராங்க, எரியறதுக்கு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் உச்சிவெயிலில் தேவராஜுலு ரம்பத்தோடு தேர்நிலைக்கு வந்து, தேரின் வலது முன்சக்கரத்தை வருஷம் முழுக்கப் பிடித்திருக்கும் நிலைக்கட்டையை உருவிக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு செங்கல்லை வைத்தான். தர்மகர்த்தா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"புதுப் புளியில அறுத்துக்கலாமே, மேஸ்திரி," என்றேன்.

"எசமானர் சொல்றாரு, இது நிக்கக் கத்துக்கிட்ட மரமாம். புது மரத்துக்குப் பாடம் நடத்த நேரம் இல்லையாம்."

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. தர்மகர்த்தா அன்று குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது, அவர் செத்துப்போய் அவர் பேரனும் தர்மகர்த்தாவாகிவிட்டான், அவனைக் கண்டாலும் நான் துண்டை இறக்குவதில்லை.

தேவராஜுலு அந்தக் கட்டையைச் சில்லுகளாக அறுத்து, சட்டியின் வளைவுக்குச் சீவி, சட்டியில் சுண்ணாம்பைத் தடவிச் சுற்றவிட்டு எங்கே வெள்ளை ஒட்டுகிறது என்று பார்த்து, அந்த இடத்தை அரத்தால் தேய்த்து, மறுபடி சுண்ணாம்பு தடவி, மறுபடி தேய்த்து, மரமும் இரும்பும் எங்கும் இடைவெளியில்லாமல் பொருந்தும்வரை உட்கார்ந்து செய்தான். அவன் வேலைக்காரன்தான், அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். பிறகு திருகாணி முடுக்கிப் பட்டைக்குள் பொருத்தினான்.

மறுநாள் மலையிறங்கும்போது சென்றாயன் குரங்குப்பாறை வளைவில் மிதியை மிதித்தான். மோட்டார் சத்தமில்லாமல், புகையில்லாமல், வீடு திரும்பின பசுமாடு போல நின்றது. அதே நேரத்தில் கீழே கிழக்கு வீதியில் தேர் செங்கல்லைப் பொடியாக்கிக்கொண்டு ஒரு முழம் முன்னால் வந்தது. தேர் நிழலில் பூக்கட்டிக்கொண்டிருந்த நாச்சம்மா கூடையை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு மேற்கொண்டு கட்டினாள். பனைமரத்து வளைவில் அவன் மிதித்தபோது தேர் மறுபடி வந்தது, அவள் மறுபடி கூடையைத் தள்ளி வைத்தாள். சாயங்காலம் அவள் புலம்பியதையும் சென்றாயன் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தோம், இரண்டும் பொருந்தின.

"இதுல என்ன இருக்கு," என்றான் சென்றாயன். "ஒரே மரம் எத்தனை சக்கரத்தைத்தான் பிடிக்கும்? அங்கே பிடிக்கறப்போ இங்கே விட்டுடுது."

தர்மகர்த்தா பட்டரைக் கூப்பிட்டுக் கேட்டார். பட்டர் தேரைச் சுற்றி வந்து, "உற்சவர் எழுந்தருளாத தேர் வெறும் மரம். மரம் நகர்ந்தா தோஷம் கிடையாது," என்றார். அதோடு ஊர் அதைப் பழக்கிக்கொண்டது. கிழக்கு வீதியில் பந்தல்காலைப் பின்னுக்கு நட்டார்கள், தேர் வரும் வழியில் வடகம் காயப்போடுவதை விட்டார்கள், நாய்கள் படுக்கிற இடத்தை மாற்றிக்கொண்டன, தேர் முனகும் சத்தம் கேட்டால் மிட்டாதார் வீட்டில் இலை போட்டார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் மோட்டாரை இன்ன நாளில் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள் என்று மிட்டாதாரிடம் ஆள் அனுப்பி, முகூர்த்த நேரத்துக்குத் தேரைத் தங்கள் வாசலுக்கு வரவழைத்துக்கொண்டார்கள், வரவழைத்தவர்களுக்கும் வாசலுக்கு முந்தியே நின்றுவிட்டதாகச் சொன்னவர்களுக்கும் சண்டை வந்தது, மண்டை உடைந்தது, பிறகு அதுவும் வழக்கமாகிவிட்டது.

மூலைகளில் திருப்புவதற்கு மட்டும் நாங்கள் வேண்டியிருந்தது. எங்கள் கைக்கட்டைகளும் அதே மரத்தில் அறுத்தவை என்பதால் அவை மட்டும்தான் அந்தத் தேரைப் பிடித்தன. முதல் சுற்றில் தென்மேற்கு மூலையில் தேர் தானாக வந்துகொண்டிருந்தபோது எப்போதும்போலக் கட்டையைக் கொடுத்து நிறுத்தினோம். மேலே மோட்டார் நிற்கவில்லை. சென்றாயன் மிதியை மிதித்து ஏறி நின்றிருக்கிறான், அது பாட்டுக்குப் போய் மைல்கல்லில் இடித்து, முன்சக்கரம் பள்ளத்துக்கு மேல் தொங்க நின்றிருக்கிறது. உள்ளே மிட்டாதார் இருந்தார். வேட்டி நனைந்து வந்து இறங்கினார்.

"என்னைக் கொல்லப் பாக்கறீங்களாடா?"

தண்டோரா போட்டார்கள். எசமான் மோட்டாரில் இருக்கும்போது எவனும் தேருக்குக் கட்டை கொடுக்கக் கூடாது, மோட்டார் ஓய்ந்திருக்கிற நேரத்தில் வடம் போட்டுத் திருப்பிக்கொள்ள வேண்டும். தேருக்குக் கட்டை கொடுத்தால் மோட்டார் நிற்காது என்பது அன்றைக்கே ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சுற்றில், தேர் தென்கிழக்கு மூலைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றிருந்தபோது, மலையின் கடைசி வளைவில் ஒரு எருமை மந்தை குறுக்கே வந்தது. சென்றாயன் நீளமாக ஒரு பிடி பிடித்தான். தேர் மூலையைத் தாண்டி நேரே தெற்கே வந்து, முன்சக்கரம் இரண்டும் எங்கள் தெருவுக்குள் ஏறி நின்றது. நாங்கள் கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றோம். எசமான் மோட்டாரில் இருந்தார், அவர் போட்ட தண்டோராவும் இருந்தது.

எங்கள் ஊரில் தேரைப் பின்னால் இழுக்கிற வழக்கம் இல்லை. இழுத்தால் ஊர் அழியும் என்பார்கள், இழுத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆகவே தேர் எங்கள் தெரு வாயில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு பிடி பிடித்தால் உள்ளே வந்துவிடும். பட்டர் மறுபடி வந்து சுற்றிப் பார்த்தார். எழுந்தருளாவிட்டாலும் சாமி சூட்சுமமாக அதில் எப்போதும் இருக்கிறார், இன்னும் ஒரு சாண் தெற்கே போனால் சம்ப்ரோட்சணம் செய்து தீட்டுக் கழித்தாலும் தீராது என்றார். முன்னே வெறும் மரம் என்று சொன்னவரும் இவர்தான். யாரும் அதைக் கேட்கவில்லை. மிட்டாதார் மோட்டாரை மலைமேல் பங்களாவிலேயே விட்டுவிட்டுக் குதிரையில் வந்து போனார், சென்றாயனையும் அதற்குக் காவலாக மேலேயே வைத்துக்கொண்டார். அவன் பெண்டாட்டி பாவாயி கீழே தனியாக இருந்தாள்.

அப்படியே இருந்திருக்கலாம். மிட்டாதார் மகளுக்கு நிச்சயம் வந்தது. மோட்டார் வைத்திருக்கிற சம்பந்தி என்று பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், வாசலில் மோட்டார் நிற்க வேண்டும். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நாங்கள் வெளியே வெயிலில் நின்றோம்.

"தோலைப் போட்டு இறக்கிடலாம்," என்றார் தர்மகர்த்தா. "முன்னே தோல்லதானே வந்துது."

தேவராஜுலு எழுந்தான். "அந்தச் சட்டி இப்போ கட்டைக்குத் தேஞ்சு வழவழன்னு இருக்கு, எசமான். தோல் முதல் வளைவுல பிடிக்கும். அப்புறம் பிடிக்காது."

"பையன் கெட்டிக்காரன், வந்துருவான்," என்றார் மிட்டாதார்.

நான் வெளியிலிருந்தே கேட்டேன். "நீங்களும் அதுலயே வர்றீங்களா, எசமான்?"

மிட்டாதார் பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நான் முந்தின நாளே குதிரையில வந்துடறேன்," என்றார். பிறகு, பாக்கை மென்றுகொண்டே, "எதுக்கும் தேருக்கு ஆளுங்க கட்டையோட தயாரா நிக்கட்டும். நகர்ந்தா குடுத்துடுங்க," என்றார்.

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சாவுக்கு வந்து அழுதவர்கள் இருந்தார்கள், சென்றாயன் தோளில் ஏறி மோட்டார் பார்த்த பிள்ளைகளின் அப்பன்கள் இருந்தார்கள். தேருக்குக் கட்டை கொடுத்தால் மேலே என்ன ஆகும் என்று தெரியாதவன் ஒருவன் இல்லை. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் குரல்கூட உயரவில்லை, வாய்க்கால் மராமத்துக்கு ஆள் ஒதுக்குகிற மாதிரிதான் பேசிக்கொண்டார்கள். திரும்பி எங்கள் ஆட்களைப் பார்த்தேன். என் தாய்மாமன் அத்தியண்ணன் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க சொல்லுங்க."

"நமக்கெதுக்கு, மாப்பிள்ளை. சாமி நம்ம தெருவுக்குள்ள வந்துட்டா அப்புறம் யாரு அதுக்குப் பதில் சொல்றது? குடிசை இருக்கணுமா வேண்டாமா?"

அந்த இடத்தில் எனக்குக் காது அடைத்துப்போயிற்று. இன்றைக்கும் கூட்டம் என்றால் எனக்குக் காது அடைக்கும்.

நிச்சயத்தன்று காலையில் ஊர் முழுவதும் எங்கள் தெரு வாயில் வந்து நின்றது. எங்கள் ஆட்கள் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டையோடு குந்தியிருந்தார்கள், வலது சக்கரம் எனக்கு, இடது சக்கரம் மாமனுக்கு. பாவாயி தலைகூட வாராமல் வந்து வலது சக்கரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பெண்பிள்ளை தேர்ச்சக்கரத்தைத் தொடக் கூடாது, அன்று யாரும் அவளை விலக்கவில்லை, எல்லோர் கண்ணும் சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் இருந்தது.

மோட்டார் கிளம்பியதற்கு மலைமேல் வேட்டு போட்டார்கள். தேர் நகரவில்லை. சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இன்னும் நேரம் போயிற்று, நகரவில்லை, பட்டர் கண்ணை மூடிக்கொண்டார், யாரோ நீர்மோர் கொண்டுவந்து ஊற்றினார்கள். தேர் அசையாமல் நிற்க நிற்க ஊரார் முகம் தெளிந்தது, பாவாயி முகம் செத்துக்கொண்டு வந்தது. நகர்ந்தால், எப்படியோ கட்டை கிடைத்து அவன் நிறுத்துகிறான். நகராவிட்டால் வெறும் தோல்தான், அவனால் நிறுத்த முடியவில்லை. அவள் ஒருத்திதான் அங்கே தேர் நகர வேண்டும் என்று நின்றவள்.

"எங்கே இருப்பாரு, மாமா?" என்று என்னைக் கேட்டாள்.

மேலே நடந்தது பிறகு அவன் சொல்லித் தெரிந்தது. முதல் வளைவில் தோல் பிடித்தது, அதோடு புகைந்து அறுந்தது. மோட்டார் ஓடிப்போய், ஊற்றுக்குப் பக்கத்தில் பாதை கொஞ்சம் மேடேறும் இடத்தில் தானாகச் சளைத்து நின்றது. கழற்றின சில்லுகள் கோயில் மரமாயிற்றே என்று தேவராஜுலு அவற்றைப் பட்டுத்துணியில் சுற்றி, மரியாதையாகக் கொண்டு சேர்க்கச் சொல்லி ஆசனத்துக்கடியில் வைத்திருந்தான். பிரித்தால், உள்ளே திருகுச்சாவியும் இருந்தது. மறந்து வைத்தானா, தெரிந்து வைத்தானா என்று நான் அவனைக் கேட்டதில்லை. அவன்மேல் இருக்கிற கோபத்தில் பாதியை அந்தச் சாவிக்காகக் கழித்திருக்கிறேன், மீதி அப்படியே இருக்கிறது. சென்றாயன் வெயிலில் மல்லாந்து படுத்துக் கட்டையை மறுபடி பூட்டினான்.

தேர் முனகியது. ஒரு முழம் வந்தது.

"குரங்குப்பாறை," என்றாள் பாவாயி.

ஊர் ஓவென்றது. "கட்டை குடுங்கடா," என்றார் மிட்டாதார். நான் என் கட்டையைத் தூக்கி வேலிக்கு அந்தப்பக்கம் போட்டேன். தேர் இன்னொரு முழம் வந்தது, பின்சக்கரமும் எங்கள் தெருவில் ஏறியது.

"பனைமரம்," என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "அடுத்தது ஆழவளைவுதான், மாமா. அதைத் தாண்டிட்டா வந்துட்டாரு."

ஆழவளைவில்தான் பள்ளம் பெரிது. தேர் மெல்ல அசைந்து கிளம்பியது. அப்போது என் தாய்மாமன், சென்றாயனைத் தோளில் தூக்கி வளர்த்தவர், குனிந்து தன் கட்டையை இடது சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். பழகின கை, சுத்தமாகக் கொடுத்தது. தேர் நின்றது. மரம் நெறிபடும் சத்தம் மட்டும் கேட்டது, மேலே ஒருவன் மிதியில் ஏறி நிற்கிற கனம் முழுவதும் அந்தச் சத்தத்தில் இருந்தது. ஊரார் கைதட்டினார்கள். கைதட்டினார்கள் என்பதை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

பாவாயி ஓடினாள், ஓடிப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டுக்குள் புகுந்து உலக்கையோடு வந்து, மாமனை இடுப்பில் ஒரு உதை விட்டுத் தள்ளி, உலக்கையின் பூண் முனையால் கட்டையின் பக்கவாட்டில் இடித்தாள். நெல் குத்துகிற கணக்கில், மூச்சை விட்டு விட்டு இடித்தாள். கட்டை தெறித்தது. உலக்கை சக்கரத்தடியில் போய் நார்நாராகியது. தேர் எங்கள் தெருவுக்குள் ஓடி, குடிசைக் கூரைகளை இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு, கோழிகள் சிதற, ஒருவரும் வடம் பிடிக்காமல், தெருக்கோடிக் கிணற்றடிவரை போய் நின்றது.

ஊர் தெரு வாயிலேயே நின்றுவிட்டது. எங்கள் தெருவுக்குள் கால் வைக்க அவர்களுக்கு வழக்கமில்லை.

கொஞ்ச நேரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. சென்றாயன் வந்து கூட்டத்துக்குப் பின்னால் அதை நிறுத்தினான், கிணற்றடியில் தேர் விரல்கடை அசைந்தது. இறங்கினான். சட்டை முதுகில் கிழிந்திருந்தது, கை முழுக்கக் கரி. பாவாயி சக்கரம் போன தடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவனுக்கு வழிவிடவில்லை, ஒருவரும் தண்ணீர் கொடுக்கவில்லை. மிட்டாதார் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்குடா பிரேக்கைப் பிடிச்ச?"

சென்றாயன் தெருவைப் பார்த்தான், தேரைப் பார்த்தான், கூட்டத்தை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"உசுரோட வரலாம்னுதானுங்க, எசமான்."

பஞ்சாயத்தில் அதையே மறுபடி கேட்டார்கள், அவன் அதையே சொன்னான். தங்களுக்குள் நெடுநேரம் பேசிக்கொண்டார்கள். கடைசியில் தர்மகர்த்தா எழுந்து, அந்தப் பதில் ஊருக்குப் போதவில்லை என்றும், அடுத்த அமாவாசைக்குள் யோசித்து வேறு பதில் ஒன்று சொல்ல வேண்டும் என்றும் தவணை கொடுத்தார்.